மாட்டுக்கு வெல்லம் கொடுத்தால் பால் இனிக்குமா?

வியாசர்பாடிக்காரன்:
எங்கள் தெருவில் இன்னும் ரெண்டு வீட்டில் மாடு கட்டியிருக்கிறார்கள். கன்று போட்ட மாட்டுக்கு ஒரு ஆயா தவிட்டோடு வெல்லம் கரைத்து வைக்கிறார், அப்போதுதான் பால் இனிக்குமாம். எனக்கு நம்பிக்கை இல்லை. தாய்ப்பால் மாட்டுப்பாலைவிட இனிப்பு என்கிறார்களே, அது மட்டும் எப்படி?

வேப்பேரி_கால்நடை:
இனிக்காது தம்பி. வெல்லத்தை இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிரிகளே முதலில் தின்று அமிலமாக்கிவிடும். அதில் புரோப்பியானிக் அமிலத்தை எடுத்து ஈரல் குளுக்கோஸ் செய்து ரத்தத்தில் விடுகிறது. மடியிலுள்ள செல் அந்தக் குளுக்கோஸில் கொஞ்சத்தை கேலக்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையாக மாற்றி, கோல்கி என்ற பைக்குள் இன்னொரு குளுக்கோஸோடு சேர்த்தால் அதுதான் லாக்டோஸ், பாலில் இருக்கும் சர்க்கரை. சேர்த்து வைக்கிற என்சைம் தனியாக இருந்தால் குளுக்கோஸைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, ஆல்ஃபா லாக்டால்புமின் என்ற புரதம் கூட வந்தால்தான் வேலை நடக்கும். உருவான லாக்டோஸ் பையை விட்டு வெளியே கசிய முடியாது, அதனால் தண்ணீரை உள்ளே இழுக்கும். சர்க்கரை கூடினால் தண்ணீரும் கூடும், பால் அளவு ஏறுமே தவிர இனிப்பு ஏறாது.

தாய்ப்பால் கதை வேறு. எந்தப் பாலும் ரத்தத்தின் சவ்வூடு அழுத்தத்துக்கு (கரைந்திருக்கும் உப்பும் சர்க்கரையும் தண்ணீரை இழுக்கும் வேகம்) சமமாகத்தான் நிற்கும். நம் பாலில் உப்புகள் குறைவு, அந்த இடத்தை லாக்டோஸ் பிடித்துக்கொள்கிறது: சுமார் 7 சதவீதம். பசும்பாலில் 5-க்குக் கொஞ்சம் கீழே.

ராயபுரம்_ராஜி:
ஓ, அதனால்தான் மடிநோய் வந்த மாட்டின் பால் உப்புக் கரிக்கிறதா?

வேப்பேரி_கால்நடை:
அதேதான் அக்கா. செல்கள் கெட்டு லாக்டோஸ் குறையும், ரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைடும் கசிந்து வரும்.

கடலோரக்_காக்கா:
கடற்சிங்கத்துக்கும் ஃபர் சீலுக்கும் அந்த ஆல்ஃபா லாக்டால்புமின் புரதம் வேலை செய்வதில்லை, பாலில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். தண்ணீரும் குறைவு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு! குட்டியைக் கரையில் விட்டுத் தாய் பல நாள் இரை தேடப் போனாலும் பால் வற்றாது. பசுவைக் கறக்காமல் அத்தனை நாள் விட்டுப் பாருங்கள். எலியில் அந்தப் புரதத்துக்கான ஜீனை நீக்கிப் பார்த்தபோது, பால் கெட்டியாகிக் குட்டிகளால் உறிஞ்சவே முடியவில்லை.

வியாசர்பாடிக்காரன்:
சரி, அப்போ ஆயாவிடம் வெல்லத்தை நிறுத்தச் சொல்லவா?

வேப்பேரி_கால்நடை:
கன்று போட்ட புதிதில் கொஞ்சம் தெம்புக்குக் கொடுக்கட்டும், பரவாயில்லை. அள்ளிப் போட்டால் இரைப்பை புளித்து மாடு படுத்துவிடும், அதை மட்டும் சொல்லிவிடு.