பூட்டிக் கிடக்கும் வளவு வீட்டுக்குக் குப்பைக் கட்டணம்: எதை வைத்துப் போடுகிறார்கள்?

வளவுவீட்டுச் சாவி:
காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். பூர்வீக வீட்டுச் சாவி நாலு வருஷமாக என்னிடம். முகப்பு, வளவு என்கிற நடு முற்றப் பகுதி, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிற வீடு. பங்காளிகள் ஒன்பது புள்ளி, அதாவது ஒன்பது குடும்பம். யாரும் அங்கே குடியில்லை. காவலுக்கு இருக்கும் பெரியவர் மட்டும் திண்ணையை ஒட்டிய அறையில் பொங்கிச் சாப்பிடுகிறார். வாரத்துக்கு ஒரு சின்ன வாளி சேரும். வெங்காயத் தோல், தேயிலைச் சக்கை, ரெண்டு பால் கவர்.

போன வாரம் அரையாண்டு வரி கட்டப் போனேன். ரசீது இன்னும் எங்கள் ஐயா பெயரில்தான் வருகிறது. அதில் திடக்கழிவு மேலாண்மைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை. கட்டட அளவுப்படி எங்களுக்குத்தான் அதிகபட்சமாம். அடுத்த வீட்டு மாடியில் மூன்று குடித்தனம், தினம் மூன்று பை வெளியே வருகிறது. அவர்களுக்கு எங்களில் பாதிகூட இல்லை.

தகரப் பெட்டியில் இருந்த ஐயா காலத்து ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். அதிலேயே துப்புரவு வரி என்று ஒன்று இருக்கிறது. அப்படியானால் ஒரே வேலைக்கு ரெண்டு தடவை வாங்குகிறார்களா? குப்பையைப் பார்க்காமல் சதுர அடியைப் பார்ப்பது என்ன கணக்கு? ஒன்பது பேரிடமும் பங்குப் பணம் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவள் நான். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

வரிவசூல் ஓய்வு:
வணக்கம் ஆச்சி. வேறு மாவட்டத்து நகராட்சி ஒன்றில் இருபத்தாறு வருஷம் வரி வசூலித்தவன் நான்.

ஐயா ரசீதில் இருப்பது 1920ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டப்படி வந்தது. பொது வரி, குடிநீர் வடிகால் வரி, விளக்கு வரி, துப்புரவு வரி எல்லாம் சேர்ந்ததுதான் அப்போது சொத்து வரி. பிறகு மத்திய அரசின் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உண்டாக்குகிறவர் தனியாகப் பயனர் கட்டணம் கட்ட வேண்டும், எவ்வளவு என்பதை அந்தந்த உள்ளாட்சி துணை விதியில் எழுத வேண்டும் என்றன. அதனால்தான் இரண்டாவது தொகை. ரெண்டு தடவை வாங்குவதாக உங்களுக்குப் படுவதில் தப்பில்லை. ஆனால் நான் இருந்த ஊரில் அந்தக் கட்டணம் தூய்மைப் பணியாளர் கூலிக்கே எட்டாது. மீதியைச் சொத்து வரியும் அரசு மானியமும்தான் தாங்கின. வண்டி வாங்குவது, பழைய குப்பை மேட்டைக் கிளறிப் பிரிப்பது போன்ற பெரிய செலவுக்குத் தூய்மை இந்தியா திட்டப் பணம் வரும்.

சதுர அடிக்கு வருகிறேன். தினமும் ஒவ்வொரு வாசலிலும் தராசு வைக்க முடியாது. எடைக்குக் காசு என்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஊருணிக் கரையில் கொட்டிவிட்டுப் போவார்கள். அது பெரிய ஆபத்து. கட்டட அளவு ஏற்கெனவே வரிப் பதிவேட்டில் இருக்கிறது, யாரும் மறைக்க முடியாது, அதனால் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். உங்கள் வாளி காலியாக இருந்தாலும் வண்டி அந்தத் தெருவுக்கு வந்தே ஆக வேண்டும். செலவு எடையில் இல்லை, வண்டி வருவதில் இருக்கிறது.

ஆனாலும் செட்டிநாட்டு வீட்டுக்கு இந்த அளவுகோல் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். பழைய சட்டத்தில், அரையாண்டில் தொடர்ந்து 30 நாள் காலியாகக் கிடந்த கட்டடத்துக்கு எழுத்தில் தெரிவித்தால் வரியில் தள்ளுபடி இருந்தது. 2023 ஏப்ரலில் இருந்து புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடப்பில் இருப்பதால் அந்தத் தள்ளுபடியையே நம்பி இருக்காதீர்கள். காவலர் ஒருவர் மட்டும் இருக்கும் வீடு என்று மனு எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நகல் ஒன்று வார்டு உறுப்பினருக்கும் போகட்டும். எந்த அளவு வீட்டுக்கு எவ்வளவு என்கிற கட்டணப் படிகளை உள்ளாட்சி மன்றத் தீர்மானத்தால் மாற்றலாம். சென்னையில் வீடுகளுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை என்று 2020 டிசம்பரில் அறிவித்ததையே, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தினார்கள்.

கோட்டையூர் வாடகை வீடு:
ஆச்சி, மனசில் பட்டதைச் சொல்கிறேன். 2024இல் கோட்டையூரும் கண்டனூரும் காரைக்குடி மாநகராட்சியோடு சேர்ந்தபோது எங்கள் தெருவில் எல்லாரும் கேட்டது வரி ஏறுமா என்றுதான். நானூறு சதுர அடியில் நாங்கள் ஐந்து பேர். எடைப்படி போட்டால் பூட்டிய வளவு வீட்டைவிட நான் அதிகம் கட்ட வேண்டும். என்னால் முடியாது. அதோடு, உங்கள் மாதிரி வீடுகள் வருஷம் முழுக்கப் பூட்டியே கிடப்பதில்லையே? கல்யாணம், சாந்தி என்கிற அறுபதாம் கல்யாணம், முன்னோருக்குப் போடும் படைப்பு என்றால் மூணே நாளில் எத்தனை வண்டி இலை! ஒற்றை ஆளாக அதை அள்ளிய அக்காவை நான் பார்த்திருக்கிறேன்.

வரிவசூல் ஓய்வு:
அதற்கும் விதி இருக்கிறது. உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூட்டினால் மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும், குப்பையையும் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதே 2016 விதிகளில் வந்ததுதான். நம் வீட்டு விசேஷங்களில் யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

வளவுவீட்டுச் சாவி:
கோட்டையூர்த் தங்கச்சி சொன்னது உறைத்தது. போன படைப்புக்கு முந்நூறு இலை விழுந்தது. பின்வாசலில் ரெண்டு நாள் கிடந்து நாறியது. நாங்கள் அன்றைக்கே கார் ஏறிவிட்டோம். பெரியவர்தான் போனில் சொன்னார்.

இந்த அரையாண்டுக்கு முழுசாகக் கட்டிவிட்டேன். மனுவில் விலக்குக் கேட்கப் போவதில்லை. காவலர் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் குறைந்த படி, விசேஷ நாளுக்குத் தனிக் கட்டணம் என்று ரெண்டையும் சேர்த்து எழுதுகிறேன். தை மாசம் பங்காளி வீட்டுக் கல்யாணம் இருக்கிறது. அதற்குள் கிணற்றடியில் இலைக்கு ஒரு குழி வெட்டச் சொல்லியிருக்கிறேன். குழி வெட்டும் கூலியையும் ஒன்பது பங்காகப் பிரித்து இன்று ராத்திரி எல்லாருக்கும் கணக்கு அனுப்புகிறேன்.