கழுத்துக் கறுப்பை அழுக்கு என்று நினைத்தேன்

வாணி_அம்மா:
கழுத்துக் கறுப்பு எல்லோரும் பார்த்ததுதானே. என் மகனுக்கு ஒன்பது வயதில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நார் வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தோலே சிவந்துவிட்டது. "நான் தினமும் குளிக்கிறேனேம்மா" என்றான். அழக்கூட இல்லை. ஆறு மாதம் கழித்து வேறு எதற்கோ போனபோது டாக்டர் அவன் காலரை விலக்கிப் பார்த்து, இது அழுக்கில்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் ரத்தத்தில் அது கூடிப்போய் வருகிற தடிப்பு என்றார். அவன் அன்று சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

சுந்தர்76:
எங்களுக்கு நம்பர்தான் பயம் காட்டியது. மகளுக்குப் பதினொரு வயது, எடை அதிகம். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, ஹெச்எஸ் சிஆர்பி, 14 என்று வந்தது. இரண்டு ராத்திரி தூக்கமில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ரத்தம் எடுத்த அன்னைக்கு சளி இருந்துச்சா?" இருந்தது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் கழித்து எடுத்தால் 3.6. அப்பாடா என்றேன். அவர் சிரிக்கவில்லை. "14 வந்துட்டுப் போற விருந்தாளி. இந்த 3.6 வீட்டிலேயே தங்கிடுச்சான்னுதான் பார்க்கணும்" என்றார்.

டெஸ்ட்டியூப்:
சுந்தர் சார், சளியோடு அந்த டெஸ்ட்டே எடுத்திருக்கக் கூடாது. நான் லேபில் இருக்கிறேன். ஒருநாள் ஒருவர் கை நடுங்க இரண்டு ரிப்போர்ட்டோடு வந்தார், "போன மாசம் 0.4, இப்போ 4!" முதலாவது டெசிலிட்டருக்கு மில்லிகிராம், அடுத்தது லிட்டருக்கு. இரண்டும் ஒரே அளவு. யூனிட்டைப் பாருங்கள். ரிப்போர்ட்டில் 1, 3 என்று போட்டிருக்கும் எல்லைகளும் பெரியவர்களின் இதய ஆபத்துக்கு வகுத்தவை, பிள்ளைக்கு அப்படியே பொருத்தாதீர்கள். கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை. கொழுப்புச் செல்கள் அளவுக்கு மீறி உப்பினால் சில செத்துப்போகும், சுத்தம் செய்ய வெள்ளையணுக்கள் வந்து சூழும். அங்கிருந்து கிளம்பும் ஐஎல்-6 என்ற அழற்சிச் செய்திப் புரதம்தான் கல்லீரலை சிஆர்பி சுரக்க வைக்கிறது. இதுதான் மெல்லிய அழற்சி, காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது. அதற்காக நீங்களாகப் போய் மாதாமாதம் இந்த டெஸ்ட்டை எடுக்காதீர்கள். சர்க்கரை, கல்லீரல், ரத்த அழுத்தம் பாருங்கள். வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். தூக்கத்தைச் சரிசெய்யுங்கள், ஓடி விளையாட விடுங்கள். பிள்ளைகள் எதிரில் எடைப் பேச்சே வேண்டாம்.

செல்வி_சித்தி:
டெஸ்ட்டியூப் தம்பி, கதை நாலு வரி, பாடம் நாற்பது வரி! ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அக்கா மகளுக்கு இரும்புச்சத்து சிரப் இரண்டு மாதம் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் நார்மல். இந்த மெல்லிய அழற்சியே ஃபெரிட்டினை உயர்த்திக் காட்டுமாம். கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, குடலில் இரும்பை உள்ளே விடாமலும் தடுக்குமாம். டாக்டர் சொல்லித்தான் தெரியும். அதற்கு முன்பு வீட்டில், "இந்த உடம்புக்கு ரத்தசோகையா!" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தோம். நானும்தான். திரும்பினால் வாசற்படியில் அவள், கையில் சிரப் மூடியோடு.

வாணி_அம்மா:
நான் ஆலோசனை கேட்டு எழுதவில்லை, டெஸ்ட்டியூப். பரவாயில்லை, கடைசி வரி மட்டும் எனக்கானது. கறுப்பு இப்போது பாதிக்குமேல் மங்கிவிட்டது. அப்புறம், குளிக்கும்போது கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறான். முன்பெல்லாம் முதுகு தேய்க்க என்னைத்தான் கூப்பிடுவான்.