பாரிஸ் முதல் வியன்னா வரை ரயில் பயணம்: யூரெயில் பாஸ் வாங்கலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில், அறுபதைக் கடந்த என் பெற்றோருடன் பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், வியன்னா ஆகிய இடங்களை ரயிலிலேயே சுற்றிப் பார்க்க எண்ணியுள்ளேன். முதல் இரண்டு இடங்களில் தலா 4 இரவுகள், மற்ற இரண்டில் தலா 3 இரவுகள் தங்குவோம். ஒரே சீட்டில் பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் செல்ல உதவும் யூரெயில் பாஸ் வாங்குவது நல்லதா, தனித்தனியாகச் சீட்டு எடுப்பது நல்லதா? இந்த நாடுகள் அனைத்துக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்?

பதில் 1:
உங்கள் திட்டத்தில் நெடும்பயணங்கள் சிலவே. அவற்றுக்காக மட்டும் பாஸ் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாஸ் இருந்தாலும் பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்தின் சூரிச்சுக்குச் செல்லும் டிஜிவி அதிவேக ரயிலிலும் மிலான்–வெனிஸ் அதிவேக ரயிலிலும் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குக் கட்டணமும் தனி. நினைத்த நேரத்தில் ஏறி நினைத்த ஊரில் இறங்குபவர்களுக்கே, அதிலும் முன்பதிவுக் கட்டாயம் பெரும்பாலும் இல்லாத ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளுக்குள், பாஸ் நன்கு கைகொடுக்கும். உங்களைப் போல நாளையும் ஊரையும் முடிவு செய்துவிட்டவர்கள் முன்கூட்டியே தனிச் சீட்டு எடுத்தால் செலவு பெரும்பாலும் குறையும். அறுபது வயதானவர்களுக்குப் பாஸ் விலையில் 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. அதையும் சேர்த்து ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.

பதில் 2:
முதலில் விசாவை முடியுங்கள். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். ஆகவே உங்களுக்கு பிரான்ஸ். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மலிவான முன்பதிவுச் சீட்டுகள் பலவற்றில் பணம் திரும்பக் கிடைக்காது என்பதால், விசா கைக்கு வருமுன் அவற்றை வாங்காதீர்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

பதில் 3:
சூரிச்சிலிருந்து, வெனிஸ் செல்லும் வழியில் உள்ள மிலானுக்கு நேரடியாகச் செல்லும் ரயில், 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கத்தின் வழியே விரைவாகக் கொண்டு சேர்த்துவிடும். ஆனால் ஆல்ப்ஸைக் காணச் சென்றுவிட்டு அதன் அடிவயிற்றில் புகுந்து வெளியேறுவதற்கு எனக்கு மனம் ஒப்பாது. ஒரு பகல் முழுவதையும் ஒதுக்கி, சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் வழியாக இத்தாலியின் திரானோவுக்கு இறங்கும் பெர்னினா மலை ரயில் பாதையில் செல்லுங்கள். 2,253 மீட்டர் உயரத்திலிருந்து 429 மீட்டருக்குப் பற்சக்கரத்தின் உதவியின்றியே இறங்கும் இந்தப் பாதை, 2008 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக உள்ளது. வழியிலுள்ள புரூசியோவில் வண்டி ஒரு கல் பாலத்தின் மேல் வளைந்து சென்று, வட்டமடித்துத் தாழ்ந்து, சற்று முன் கடந்த அதே பாலத்தின் அடியில் நுழைந்து வெளியேறும். பெட்டியில் இருந்தபடியே அந்த வளைவு முழுவதையும் பார்க்கலாம். பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவு கட்டாயம். அதே தடத்தில் ஓடும் சாதாரணச் சிவப்பு வண்டிகளுக்குத் தேவையில்லை. திரானோவில் சுவிஸ், இத்தாலிய நிலையங்கள் அருகருகே இருப்பதால் பயணப் பெட்டிகளுடன் ரயில் மாறுவதும் எளிது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வெனிஸிலிருந்து வியன்னாவுக்கு இரவு ரயில் பெற்றோருக்கு ஏற்றதா?

பதில் 3:
பகல் ரயிலே மேல். இரவு ரயிலில் படுக்கைக்குக் கூடுதல் கட்டணம் ஆகும். மேலும், 1854-இல் திறக்கப்பட்ட ஆஸ்திரியாவின் செம்மெரிங் மலை ரயில் பாதையின் காட்சிகளைத் தவறவிடுவீர்கள். வெனிஸ் சேரும்போது மட்டும் கரையிலுள்ள மெஸ்ட்ரே நிலையத்தில் இறங்கிவிடாமல், தீவு நகரத்துக்குள் உள்ள சான்டா லூச்சியா நிலையம் வரை செல்லுங்கள். அந்த நிலையத்தின் வாசலிலேயே பெருங்கால்வாயும் படகுத்துறையும் உள்ளன.