அந்தமானில் ஓய்வாக ஐந்து இரவு: ஹேவ்லாக்கா, நீல் தீவா?

சந்தூர் மாந்தோப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம் மாங்கன்று நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். திருமணமான இந்தப் பதினொரு ஆண்டுகளில் குடும்பத்தோடு போன நீண்ட பயணம் என்றால் ராமேசுவரம் ஒன்றுதான். அதுவும் 22 தீர்த்தங்களிலும் நனைந்து, ஈரத்துணியோடு வரிசையில் நின்று, வீடு திரும்பியபின் இரண்டு நாள் படுத்துக் கிடந்த பயணம். இந்த முறை எதையும் ஓடி ஓடிப் பார்க்காமல், கடற்கரையில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டு வரவேண்டும் என்று அந்தமானை முடிவு செய்திருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகன், மூட்டுவலி உள்ள 68 வயது அம்மா ஆகிய நால்வர்.

மே மாதப் பள்ளி விடுமுறையில் காய் பறிப்பு இருக்கும்; மழை தொடங்கிவிட்டால் கன்று விற்பனை. பொங்கலுக்குப் போகலாம் என்றால், மாட்டுப் பொங்கலையும் எருது விடும் விழாவையும் விட்டுவிட்டு அம்மா ஊரைத் தாண்டமாட்டார். ஆகவே குடியரசு நாளை ஒட்டி, ஜனவரி கடைசி வாரத்தில் ஐந்து இரவுகள் கிடைக்கும்.

பயண ஏற்பாட்டாளர் ஒருவர் கொடுத்த திட்டத்தில் செல்லுலார் சிறை, ராஸ் தீவு, நார்த் பே, பாராடாங், ஹேவ்லாக், யானைக் கடற்கரை, நீல் தீவு எல்லாமே இருக்கின்றன. பாராடாங் நாளில் அதிகாலை 3 மணிக்கே புறப்பட வேண்டுமாம். இதற்கு ராமேசுவரமே தேவலாம் என்கிறார் என் மனைவி. ஒரே தீவில் தங்குவதென்றால் ஹேவ்லாக் நல்லதா, நீல் நல்லதா? விமானம் பெங்களூரில் ஏறுவதா, சென்னையிலா? அம்மாவுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளுமா? ஒருமுறையாவது கடலுக்குள் முக்குளித்துப் பார்க்கவேண்டும் என்ற ஆசையும் எனக்கு உண்டு.

அதியமான்கோட்டை வாசகி எழுதியது:

முதலில் திட்டத்திலிருந்து பாராடாங்கை அடித்துவிடுங்கள். சுண்ணாம்புக் குகைகள் பார்க்கத் தகுந்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் தலைநகர் போர்ட் பிளேரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போகவேண்டும். வழி ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்துக்குள் செல்வதால் வண்டிகளைக் காவலோடு வரிசையாகத்தான் அனுப்புவார்கள். அந்த வரிசையைப் பிடிக்கத்தான் இருட்டிலேயே எழுப்புகிறார்கள். நடுவில் வண்டியை நிறுத்தவோ அந்த மக்களைப் படம் எடுக்கவோ கூடாது. மூட்டுவலி உள்ளவரை அழைத்துப் போகிற இடம் அல்ல அது.

என் பெற்றோரோடு ஒரு பிப்ரவரி மாதம் போய்வந்தேன். எங்களுக்குப் பிடித்தது நீல் தீவுதான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆட்டோவில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பரத்பூர் கடற்கரை படகுத் துறையை ஒட்டியே இருக்கிறது. சூரியோதயத்துக்கு சீதாபூர், அஸ்தமனத்துக்கு லட்சுமண்பூர். இடையில் எல்லாம் வாழை, பாக்கு, காய்கறித் தோட்டங்கள். அந்தமானின் காய்கறிக் கூடை என்றே இந்தத் தீவைச் சொல்கிறார்கள். அங்கே குடியமர்த்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் வங்காளக் குடும்பத்தினர். என் அப்பா கடலைப் பார்த்த நேரத்தைவிட, ஒரு வங்காளப் பெரியவரின் கத்தரித் தோட்ட வரப்பில் உட்கார்ந்து, மொழி தெரியாமலே சைகையால் உரம் பற்றிப் பேசிய நேரம்தான் அதிகம். உங்களுக்கும் அப்படியே ஆகும் என்று நினைக்கிறேன்.

வானூர்தி ஏறும் நாளுக்கு முந்தைய இரவை விமான நிலையம் உள்ள போர்ட் பிளேரில்தான் கழிக்கவேண்டும். நாங்கள் அதைச் செய்யவில்லை. காலையில் நீல் தீவிலிருந்து கப்பல், மதியம் விமானம் என்று கணக்குப் போட்டிருந்தோம். அன்று கடல் கொந்தளிப்பாக இருக்கிறதென்று கப்பலை ரத்து செய்துவிட்டார்கள். கப்பல் கட்டணம் திரும்பி வந்தது. விமானக் கட்டணம் வரவில்லை. நான்கு பேருக்குப் புதிய பயணச்சீட்டு வாங்கிய தொகையை இங்கே எழுத மனம் வரவில்லை.

பொழுது விஷயத்தையும் மனத்தில் வையுங்கள். அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதூரத்தில் இருந்தும் கடிகாரம் ஒன்றே என்பதால், தருமபுரியைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே எல்லாம் நடக்கிறது. ஜனவரி இறுதியில் மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். மூன்று மணிக்குத் தூங்கி எழுந்து, காபி குடித்துவிட்டுக் கடற்கரைக்குப் போகலாம் என்றால் இருட்டைத்தான் பார்க்கவேண்டும்.

ஓசூர் பயணி எழுதியது:

விமானம் பற்றி மட்டும் சொல்கிறேன். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் நேரடி விமானங்கள் உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் நகரம் 90 கிலோமீட்டர்தான் என்று ஏமாந்துவிடாதீர்கள். விமான நிலையம் நகரைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. அத்திப்பள்ளியில் தொடங்கும் நெரிசலைப் பகலில் கடப்பதற்குள் பாதி விடுமுறை போய்விடும். விடியற்காலை விமானமாக இருந்தால் நள்ளிரவு தாண்டியதும் காரில் கிளம்பிவிடுங்கள். சாலை காலியாக இருக்கும். பேருந்து என்றால் எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா பேருந்தைப் பிடிக்கலாம், ஆனால் அம்மாவையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அதை நான் செய்யமாட்டேன். சென்னை விமான நிலையத்துக்கு 250 கிலோமீட்டருக்குக் குறையாது. கிருஷ்ணகிரி நகருக்கு ரயிலும் இல்லாத நிலையில், எனக்கென்னவோ பெங்களூர்தான் சரி என்று படுகிறது.

தீவுகளின் பெயர் மாறியிருப்பதையும் கவனியுங்கள். 2018-இல் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப் ஆனது. போர்ட் பிளேரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பயணச்சீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் ஊர் அதுதான்.

கரையோரத் தமிழன் எழுதியது:

பூர்வீகம் காவேரிப்பட்டணம், ஒன்பது ஆண்டுகளாகப் போர்ட் பிளேரில் இருக்கிறேன். வாசகி அம்மா சொன்ன அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. நீல் தீவின் கரைகளில் பல இடங்களில் காலுக்கடியில் இறந்துபோன பவளப்பாறைத் துண்டுகள் குத்தும், மூட்டுவலிக்காரர் தடுமாறுவார். ஹேவ்லாக்கின் ராதாநகர்க் கடற்கரையோ சலித்து வைத்த மாவுபோல மணல். அகலமான, சமதளமான கரை. தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2020-இல் பெற்ற கடற்கரை என்பதால் குளியலறை, உடை மாற்றும் அறை வசதிகளும் உண்டு. ஆனால் அது படகுத் துறையிலிருந்து 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விடுதிகளில் பெரும்பாலானவை தீவின் எதிர்ப்பக்கத்தில் உள்ளன. ஒவ்வொரு முறையும் ஆட்டோவில் போய்வர வேண்டும். எனவே அறையிலிருந்து எழுந்து நடந்தே கடலுக்குப் போகவேண்டுமென்றால் நீல், அம்மாவும் தண்ணீரில் கால் நனைக்கவேண்டுமென்றால் ஹேவ்லாக். இரண்டையும் ஐந்து இரவுக்குள் திணிக்கவேண்டாம்.

எந்தத் தீவானாலும் கடல் ஏற்றத்தையும் வற்றுதலையும் பார்த்துப் பொழுதை வகுத்துக்கொள்ளுங்கள். இதைத் தெரியாமல் வந்து, 'படத்தில் இருந்த கடல் எங்கே?' என்று கேட்பவர்களை வாரம்தோறும் பார்க்கிறேன். ஏறிய கடல் வற்றுவதற்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அடுத்த நாள் அதே நிலை வர ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாகும். தாழ்வான கரைகளில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிப் பாறையும் சேறும்தான் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்றவற்றம் மிகுதி; அஷ்டமி, நவமியை ஒட்டி மிகக் குறைவு. நம் ஊரில் அஷ்டமி நவமியில் பயணம் புறப்படமாட்டார்கள். ஆனால் புறப்பட்டு வந்தபின் கடற்கரையில் உட்கார அதைவிட நல்ல நாள் கிடையாது. வீட்டில் கிழிக்கும் நாட்காட்டியைப் பார்த்துவிட்டே தேதியை முடிவு செய்யலாம்.

கப்பலைப் பற்றிக் கேட்டீர்கள். தனியார் கப்பல்கள் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். முழுவதும் மூடிய, குளிரூட்டிய அறை. அம்மாவுக்கு நடுவிலோ பின்பக்கமோ இருக்கை கேளுங்கள். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப்போடும். வாந்தி மாத்திரையை உங்கள் மருத்துவரிடம் கேட்டு, கப்பல் கிளம்புவதற்கு முன்பே கொடுத்துவிடவேண்டும். குமட்டல் வந்தபின் கொடுத்துப் பயனில்லை. ஜனவரியில் கடல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும்.

முக்குளிப்பைத் தீவுக்குப் போன மறுநாளே முடித்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் உடலில் கரையும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும் என்பதால், முக்குளித்த 18 மணி நேரத்துக்குள் விமானம் ஏறாமல் இருப்பது நல்லது. மகனிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: பவளத் துண்டையோ கரையில் கிடக்கும் சங்கையோ பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. பவளம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், பிள்ளை அழுவான். முதலை எச்சரிக்கைப் பலகையையும் விளையாட்டாக எண்ணவேண்டாம். ராதாநகர் அருகிலேயே 2010-இல் ஒரு வெளிநாட்டுப் பயணியை முதலை கொன்றது. உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியில், வெளிச்சம் இருக்கும்போது மட்டும் குளியுங்கள்.

சந்தூர் மாந்தோப்பு எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு சாப்பாட்டுக்குப் பின் எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தண்ணீரில் கால் நனைக்காமல் எதற்கு அவ்வளவு தூரம் என்றார். ஆகவே ஹேவ்லாக்கில் நான்கு இரவும் போர்ட் பிளேரில் கடைசி ஓர் இரவும் என்று வைத்திருக்கிறோம். அந்தக் கடைசி நாளில் முடிந்தால் செல்லுலார் சிறை, முடியாவிட்டால் தூக்கம். ஏற்பாட்டாளரிடம் சொன்னபோது, 'நான்கு நாளும் ஒரே இடத்தில் என்ன சார் செய்வீர்கள்?' என்று இரண்டு முறை கேட்டார். அஷ்டமிக்கு முந்தின நாளே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவதாக அம்மாவிடம் ஒப்பந்தமும் ஆகிவிட்டது.

ஒரே ஓர் ஐயம். வீட்டிலிருக்கும் கோரைப்பாயை எடுத்துவரலாமா, அங்கேயே ஏதாவது கிடைக்குமா?

கரையோரத் தமிழன் எழுதியது:

தாராளமாக எடுத்து வாருங்கள், சுருட்டிக் கட்டிப் பெட்டிகளோடு போட்டுவிடலாம். வெறும் மணலில் உட்கார்ந்தால் காலையிலும் அந்தியிலும் மணல் ஈ கடிக்கும். கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும். பாயோடு ஒரு சின்னப் பாட்டில் தேங்காய் எண்ணெயும் வையுங்கள், காலில் நன்றாகத் தடவிக்கொண்டு உட்காரலாம்.