மேலமாசி வீதி காட்சி: ஆவணப்படமா, நாடகமா?

வைகைவாசி:
காந்தி அரையாடைக்கு மாறியதைப் பற்றி மதுரையில் ஒரு சின்ன ஆவணப்படம் திரையிட்டார்கள். 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதி வீடு. வெற்றுடம்போடு போகும் ஒரு விவசாயியை ஜன்னல் வழியே காந்தி பார்க்கிறார். அடுத்த ஷாட்டில் மேலாடையைக் கழற்றுகிறார். எல்லோரும் நடிகர்கள்தான், ஆனால் கறுப்பு வெள்ளையாக்கி, கீறல் எல்லாம் போட்டு, அன்றைக்கே எடுத்த படம் மாதிரி செய்திருந்தார்கள். பக்கத்து சீட்டுப் பையன், “அப்பவே ஷூட் பண்ணியிருக்காங்க பாரு” என்றான். இது வரலாற்றைக் காட்டுவதா, மறைப்பதா?

கத்தரிக்கோல்:
அண்ணே, நான் எடிட்டர். அந்த அறையில் கேமரா இல்லை, அப்புறம் எதைக் காட்டுவது, சுவரையா? 1922-லேயே வெளிவந்த ‘நானூக் ஆஃப் தி நார்த்’ ஆவணப்படத்துக்காக, இயக்குநர் ஃப்ளஹர்ட்டி, துப்பாக்கிக்குப் பழகிவிட்ட வடதுருவப் பக்கத்து இனூயிட் மக்களை ஈட்டியால் வேட்டையாடச் சொன்னார். உள்ளே வெளிச்சம் வர, பனிவீட்டின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார். ஆவணப்படம் பிறந்தபோதே நடிப்பும் கூடவே இருந்தது.

வைகைவாசி:
பழைய தப்பு என்பதால் சரியாகிவிடுமா தம்பி? நடித்துக் காட்டியதைக்கூட விட்டுவிடுகிறேன். அந்த ஒரே விவசாயிதான் என் வருத்தம். காந்தியே எழுதியிருக்கிறார்: வங்காளத்துப் பாரிசாலில் இந்த எண்ணம் முதலில் வந்தது, அதில் அகந்தை கலந்திருப்பதாகப் பட்டதால் அடக்கிக்கொண்டார். விசாகப்பட்டினத்து வால்டேரில் கிலாபத் இயக்கத் தலைவர் முகமது அலி கைதானபோது மறுபடி வந்தது. அப்புறம் நம் பக்கம் வந்தபோது, கதர் வாங்கக் காசில்லை என்று ஜனங்கள் சொன்னார்கள். அதிலும் முதலில் அக்டோபர் 31 வரைக்கும்தான் என்று அறிவித்தார். வாரக்கணக்கில் நடந்த மனப்போராட்டத்தை ஒரு ஜன்னலில் முடித்துவிட்டார்கள்.

கோட்டையூரான்:
எங்கள் ஊர் ஏ.கே. செட்டியாரைப் பாருங்கள். காந்தியை எடுத்த படச்சுருள்களைத் தேடி உலகமெல்லாம் அலைந்து, 1940-ல் ஆவணப்படமாக வெளியிட்டார். அசல் சுருள் இருந்தால் இந்தச் சண்டையே வராது.

கத்தரிக்கோல்:
ஏன் வராது? எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அவரும்தானே முடிவு செய்தார்? அசல் சுருளையும் வெட்டித்தான் ஒட்ட வேண்டும். நடித்த காட்சியால் உண்மை வெளிவந்ததும் உண்டு: எரல் மோரிஸின் ‘தி தின் புளூ லைன்’ ஆவணப்படம் 1988-ல் வந்தது, அது ஆராய்ந்த கொலை வழக்கில் சிக்கியிருந்த ராண்டல் ஆடம்ஸ் மறு வருடமே விடுதலையானார்.

வைகைவாசி:
எனக்குச் சாதகமான உதாரணத்தை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்! மோரிஸ் ஒரே சம்பவத்தைச் சாட்சிகள் சொன்னபடி விதவிதமாக நடிக்க வைத்தார். இதுதான் நடந்தது என்று எந்தக் காட்சியையும் நம்பச் சொல்லவில்லை, சாட்சியங்கள் ஒன்றோடொன்று முட்டுவதைக் காட்டினார். இங்கே போலிக் கீறல் போட்டு நம்ப வைக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

கத்தரிக்கோல்:
சரி, கீறலை எடுத்துவிடலாம், ‘நடித்துக் காட்டப்பட்டது’ என்று கார்டும் போடலாம். ஆனால் சின்னப் படத்தில் பாரிசால், வால்டேர் என்று சுற்றினால் மதுரை எங்கே நிற்கும்? அந்த விவசாயியை நான் வெட்ட மாட்டேன். இந்த ஊர் நினைவில் வைத்திருக்கும் கதையும் வரலாறுதான்.

வைகைவாசி:
வெட்ட வேண்டாம். ஊரில் இப்படிச் சொல்கிறார்கள் என்று வாய்ஸ் ஓவரில் ஒரு வரி சேர்க்கட்டும். பாரிசாலுக்குப் போக வேண்டியதில்லை, காந்தி எழுதியதை ஒருவர் வாசித்தாலே போதும். அரை நிமிஷம்கூட ஆகாது.