பழைய மரக் கேமராவுக்கு பிலிம் ஹோல்டர் எங்கே கிடைக்கும்? அவசர உதவி தேவை

மார்த்தாண்டத்துக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா நடத்திய ஸ்டூடியோவில் இருந்த பெரிய மரக் கேமரா இப்போது என்னிடம் வந்திருக்கிறது. பெல்லோஸில் (லென்ஸுக்கும் பின்சட்டத்துக்கும் நடுவிலுள்ள மடிப்புக் கூட்டில்) ஓட்டை இல்லை, லென்ஸும் தெளிவாக இருக்கிறது. ஆனால் பிலிம் போடும் ஹோல்டர் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது, அதுவும் பழுதாகத் தெரிகிறது. இணையத்தில் பெரிய கேமராவுக்கான ஹோல்டர் என்று விற்றதை வாங்கிப் பார்த்தேன். கேமராவின் பின்புறத்தில் அது உட்காரவே மறுக்கிறது. லென்ஸில் டெய்லர் ஹாப்சன் என்று பொறித்திருப்பதால் கேமராவும் அவர்களுடையதுதான். இந்த மாத இறுதியில் எங்கள் ஓட்டு வீட்டை இடிக்கப் போகிறார்கள். அதற்கு முன் பாட்டியைத் திண்ணையில் அமர்த்தி இந்தக் கேமராவிலேயே ஒரு படம் எடுத்துவிட வேண்டும். எந்த ஹோல்டர் பொருந்தும் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

குலசேகரம் எக்ஸ்ரே:
கேமராவின் அளவு என்ன, தம்பி? வாங்கிய ஹோல்டரின் அளவு என்ன? பின்புறத்தின் படம் ஒன்று போட்டால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

தக்கலை ஸ்டூடியோ:
என் கணிப்பு, அது ஆலப்புழையில் செய்த வாகீசுவரி கேமராவாக இருக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால், இங்குள்ள பழைய ஸ்டூடியோக்காரர்கள் கேமராவுக்கும் கெமிக்கலுக்கும் திருவனந்தபுரம், ஆலப்புழை பக்கம் போவதுதான் வழக்கம். வாகீசுவரி தேக்கு மரத்தில் செய்தது. கருணாகரன் என்பவர் தொடங்கிய பட்டறை அது. தயாரிப்பு நின்று பல்லாண்டு ஆனாலும், கேரளத்தில் மூடிப்போன ஸ்டூடியோக்களில் விசாரித்தால் அதன் ஹோல்டர்கள் இன்னும் அகப்படும். வேறெங்கும் தேடாமல் நேரே அங்கே விசாரியுங்கள்.

கருப்புத் துணி:
ஹோல்டர் பொருந்தவில்லை என்று எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஓர் அடிக்கோலை எடுத்து அளந்து பார்க்காமலே எழுதுகிறார்கள். இந்தக் கேள்விக்கும் அடிப்படை தெரியாததே காரணம் என்பதால், பொறுமையாக ஒருமுறை விளக்குகிறேன். டெய்லர் ஹாப்சன் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குக் லென்ஸ்களைச் செய்த நிறுவனம். லென்ஸின் பெயரை வைத்துப் பெட்டியை யார் செய்தார் என்று முடிவு கட்ட இயலாது. தக்கலை நண்பர் படத்தைக்கூடப் பார்க்காமல் வாகீசுவரி என்று தீர்ப்புச் சொல்வதும் அதே போன்றதுதான். யார் செய்த பெட்டியானாலும் ஹோல்டர் பொருந்துவதற்கு மூன்று அளவுகள் வேண்டும்: ஹோல்டரின் வெளி அகலம், பள்ளத்தில் செருகும் விளிம்பின் கனம், முன் விளிம்பிலிருந்து பிலிம் இருக்கும் இடம் வரையுள்ள ஆழம். படத்தின் அளவு ஒத்துப் போனதாலேயே ஹோல்டர் பொருந்திவிடும் என்று நினைத்துப் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

மார்த்தாண்டத்துக்காரன்:
பதில் அளித்த அனைவருக்கும் நன்றி. கேமரா பெரிய அளவு. பின்பக்கக் கண்ணாடி ஒரு பள்ளிக்கூட நோட்டின் அளவு வரும். பெயர்ப்பலகை எதுவும் இல்லை.

குலசேகரம் எக்ஸ்ரே:
அப்படிச் சொன்னால் போதாது, தம்பி. கிரவுண்ட் கிளாஸில், அதாவது அந்தப் பின்பக்கச் சொரசொரப்புக் கண்ணாடியில், படம் விழும் பகுதியின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். பழைய ஹோல்டர் எப்படித் திறக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

மார்த்தாண்டத்துக்காரன்:
அளந்துவிட்டேன். 165க்கு 120 வருகிறது. பழைய ஹோல்டர் நடுவில் கீல் வைத்துப் புத்தகம் போல விரிகிறது. உள்ளே நடுவில் ஒரு கறுப்புத் தகடு இருக்கிறது. இரு பக்கமும் மேலே இழுக்கும் மரப் பலகைகள் உள்ளன. பலகை மடங்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புத் துணி இழை இழையாகப் பிரிந்துவிட்டது. மேல் மூலையில் 1, 2 என்று எண் பதித்திருக்கிறது. வாங்கிய ஹோல்டர் 4க்கு 5 அங்குலம், பிளாஸ்டிக்.

கருப்புத் துணி:
இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். உங்களிடம் உள்ளது அரை ப்ளேட் (பழைய கண்ணாடி ப்ளேட் அளவுகளில் ஒன்று) கேமரா: 4¾ அங்குலம் அகலம், 6½ அங்குலம் நீளம். ஆங்கிலேய முறையில் செய்த இத்தகைய பெட்டிகளில் கிரவுண்ட் கிளாஸ் சட்டத்தை மடக்கி ஒதுக்கிவிட்டு, அது இருந்த இடத்துக்கு ஹோல்டரைப் பள்ளத்தில் வழுக்கிச் செலுத்துவார்கள். நீங்கள் வாங்கிய 4க்கு 5 ஹோல்டர் ஸ்பிரிங் வைத்த பின்சட்டத்துக்காகச் செய்தது. கண்ணாடிச் சட்டத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டு அதற்கு அடியில் அது நுழையும், அதன் மேடான வரி ஒரு பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும். உங்கள் பெட்டியில் ஸ்பிரிங்கும் இல்லை, அந்தப் பள்ளமும் இல்லை. ஆகவே எத்தனை வாங்கினாலும் அது உட்காராது. இன்னொன்று: அந்தக் காலத்து மர ஹோல்டர்களுக்குப் பொதுவான அளவு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பட்டறையும் தன் பெட்டிக்கு ஏற்பச் சீவிப் பொருத்தியது. ஒரே அரை ப்ளேட் அளவில் இரண்டு பட்டறைகள் செய்த ஹோல்டர்கள்கூட ஒன்றுக்கொன்று மாறாது. வேறொரு பழைய ஹோல்டரைத் தேடி அலைவதைவிட, கையில் இருப்பதைச் சரிசெய்வதே அறிவுடைமை.

கோட்டாறு லேத்:
அண்ணாச்சி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் இந்தத் தலைமுறைக்குக் கிடைப்பது 4க்கு 5 ஹோல்டரும் 4க்கு 5 பிலிமும்தான். கேமராவின் பின்சட்டத்தில் பள்ளத்தைச் சற்று அகலமாக்கி, இரு பக்கமும் பித்தளை ஸ்பிரிங் வைத்துவிட்டால், வாங்கிய ஹோல்டர் வீணாகாது. அலுமினியத்தில் கட்டை கடைந்து கொடுக்க என் பட்டறையிலேயே முடியும்.

கருப்புத் துணி:
மூலப் பெட்டியை வெட்டுவதைக் கனவிலும் நினைக்க வேண்டாம். ஒரு தலைமுறை கைப்பட்டுத் தேய்ந்த பள்ளத்தை ஒரு நாளில் அரைத்து அகலமாக்கிவிட்டால், பிறகு பழைய ஹோல்டரும் ஆடும், ஒளியும் கசியும். கேமராவைக் கெடுக்கும் யோசனையை உதவி என்று எழுதாதீர்கள்.

தக்கலை ஸ்டூடியோ:
ஸ்டூடியோக் கேமரா பூஜையறைப் பொருள் அன்று, கருப்புத் துணி அவர்களே. எங்கள் காலத்தில் கீல் கழன்றால் ஆசாரி வந்து வேறு கீல் வைப்பார். பலகை வெடித்தால் வேறு பலகை போடுவார். இடவப்பாதி மழையில் மரம் ஊதி ஹோல்டர் இறுகினால் வெளி விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஓட்டினோம். வேலை செய்யாமல் அலமாரியில் இருக்கும் கேமராவைவிட, சட்டம் மாற்றி வேலை செய்யும் கேமராவே மேல். ஆனால் பள்ளத்தை அரைக்கத் தேவையில்லை என்பதில் நானும் உங்களோடுதான்.

கோட்டாறு லேத்:
அப்படியானால் வெட்டாமல் செய்யும் வழியைச் சொல்கிறேன். பழைய ஹோல்டரின் வெளி அளவுக்கே ஒரு புதுச் சட்டம் செய்து, கேமராவின் பள்ளத்தில் ஹோல்டரைப் போலவே செருக வேண்டும். அந்தச் சட்டத்தின் முதுகில் 4க்கு 5 ஹோல்டரைத் தாங்கும் ஸ்பிரிங்கும் தனிக் கிரவுண்ட் கிளாஸும் இருக்கும். வெளியே எடுத்துவிட்டால் கேமரா பழையபடி இருக்கும். தேக்கில் செய்தால் ஆசாரிக்கு வேலை எளிது. அயனி மரமும் உறுதியானது. இதில் கவனிக்க வேண்டியது ஆழம் ஒன்றுதான். 4க்கு 5 ஹோல்டரில் பிலிம் முன் விளிம்பிலிருந்து 0.197 அங்குலம், அதாவது 5 மில்லிமீட்டர் உள்ளே இருக்கும். புதுச் சட்டத்தில் கிரவுண்ட் கிளாஸின் சொரசொரப்பான பக்கம் லென்ஸை நோக்கி, ஹோல்டர் அமரும் தளத்திலிருந்து அதே 5 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். வெர்னியர் அளவுகோலின் பின்முனைக் கம்பியால் நான்கு மூலைகளிலும் அளந்துவிட்டால் சந்தேகம் இராது.

கருப்புத் துணி:
இந்த வழியை எதிர்க்கமாட்டேன். படம் சிறுத்து, அதே லென்ஸில் காட்சி நெருங்கிவிடும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். வீட்டின் முகப்பு முழுவதும் வேண்டுமானால் முற்றத்தில் பின்னால் நகர இடம் இருக்க வேண்டும்.

குலசேகரம் எக்ஸ்ரே:
தம்பிக்கு மாத இறுதி வரைதான் அவகாசம் இருக்கிறது. சட்டம் செய்து முடிக்க அது போதாமல் போகலாம். பழைய ஹோல்டரையே பயன்படுத்துங்கள். அது கண்ணாடி ப்ளேட்டுக்காகச் செய்தது. பிலிம் மெலிதாக இருப்பதால் அப்படியே போட்டால் வளைந்து கீழே சரியும். அதற்காகப் பிலிமைத் தாங்கும் தகட்டு உறை ஒன்று உண்டு: மூன்று ஓரமும் உள்ளே மடிந்த மெல்லிய தகடு, வெளி அளவில் ப்ளேட்டை ஒத்தது. தாத்தாவின் பெட்டியில் தேடிப் பாருங்கள். ஸ்டூடியோக்காரர்கள் கண்ணாடியிலிருந்து பிலிமுக்கு மாறியபோது அதைத்தான் வாங்கினார்கள். இல்லையென்றால் கோட்டாறு நண்பர் ஒன்றிரண்டு மடித்துத் தருவார்.

பிலிமுக்கு என் யோசனை எக்ஸ்ரே பிலிம். 8க்கு 10 அங்குலத் தாள் ஒன்றிலிருந்து அரை ப்ளேட் இரண்டு வெட்டலாம். பச்சை ஒளி உணரும் வகையைச் சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்தே வெட்டிக் கழுவலாம். இரு பக்கமும் ஒளி உணரும் மருந்து பூசியிருப்பதால் நகம் பட்டாலே கீறும். டிரேயின் அடியில் ஒரு கண்ணாடியைப் போட்டுக் கழுவினால் தப்பும். ஒரு முக்கிய எச்சரிக்கை: இப்போது பெரும்பாலான ஸ்கேன் சென்டர்களில் இருப்பது பிரிண்டரில் அச்சாகி வரும் உலர் பிலிம். அதை டெவலப்பரில் கழுவிப் படம் எடுக்க முடியாது. டேங்கில் கழுவும் பழைய வகை என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

தக்கலை ஸ்டூடியோ:
ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ என்ற பெயர் கொண்ட பிலிமில் நாங்கள் எடுத்த காலம் போய்விட்டது. ஆயினும் பாட்டியின் முகத்துக்கு எக்ஸ்ரே பிலிமை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது சிவப்பை உணராது. வெற்றிலை போட்ட உதடு கறுத்து விழும், தோலின் ஒவ்வொரு சுருக்கமும் ஆழமாகத் தெரியும், ஓட்டுக் கூரையும் இருண்டுவிடும். இல்ஃபோர்ட் எஃப்பி4 பிலிம் 5க்கு 7 அங்குலத்தில் வருகிறது. ஒரு பக்கம் கால் அங்குலமும் மறுபக்கம் அரை அங்குலமும் வெட்டினால் அரை ப்ளேட் ஆகிவிடும். தகட்டு உறைக்குள் போவதற்கு இன்னும் ஒரு மில்லிமீட்டர் குறையுங்கள். முழு இருட்டில் வெட்ட வேண்டும். பழைய காகிதத்தில் பழகிவிட்டு வெட்டுங்கள். மருந்துப் பக்கத்தை அறிய, பிலிம் தாளை நெட்டுக்குத்தாகப் பிடித்து, அதன் ஓரத்தில் உள்ள சிறு வெட்டுக்குறி வலப்பக்க மேல் மூலையில் இருக்கும்படி செய்தால், உங்களைப் பார்க்கும் முகமே மருந்துப் பக்கம். அந்த மூலையை வெட்டிவிடாமல் எதிர்ப்பக்கம் வெட்டுங்கள்.

குலசேகரம் எக்ஸ்ரே:
சிவப்பு இருண்டுவிடும் என்பது உண்மைதான், அண்ணாச்சி. பிலிம் வந்து சேராவிட்டால் கைவசம் ஒரு வழி இருக்கட்டும் என்றே சொன்னேன்.

கருப்புத் துணி:
பிலிம் போடுவதற்கு முன் ஹோல்டரில் ஒளி கசிகிறதா என்று பார்க்க வேண்டும்; இதை ஒருவரும் சொல்லவில்லை. சிவப்பு விளக்கில் புரோமைடு பேப்பரை (படம் அச்சிடும் ஒளி உணர் காகிதத்தை) அரை ப்ளேட் அளவுக்கு வெட்டிப் போட்டு, பலகைகளை மூடி, வெயிலில் ஹோல்டரை எல்லாப் பக்கமும் திருப்பிச் சில நிமிடம் காட்டுங்கள். பிறகு பேப்பரைக் கழுவினால் எந்த மூலையில் கறுப்பு விழுகிறதோ அங்கேதான் கசிவு. அதே பேப்பரைக் கேமராவில் வைத்து ஒரு படமும் எடுத்துப் பாருங்கள். காகித நெகட்டிவ் 6 ஐஎஸ்ஓ (ஒளி உணரும் வேகத்தின் அளவு) அளவில் உணரும் என்று கணக்கிட்டால் திண்ணை நிழலில் சில விநாடிகள் திறக்க வேண்டியிருக்கும். தகட்டு உறையின் ஓரக் கனத்தால் பிலிம் அரை மில்லிமீட்டர் வரை பின்னால் போகும். லென்ஸை முழுதாகத் திறந்து பாட்டியின் கண்ணை நோக்கினால் அந்த அரை மில்லிமீட்டர் தெரியக்கூடும். லென்ஸின் துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி மூடினால் அது ஒரு பொருட்டல்ல.

மார்த்தாண்டத்துக்காரன்:
தகட்டு உறைகள் தாத்தாவின் பெட்டியிலேயே இருந்தன. பேப்பர் வைத்துச் சோதித்தேன். 2 என்ற பக்கத்தில் பலகை மடங்கும் இடத்தில் மட்டும் கறுப்புக் கோடு விழுகிறது, 1 என்ற பக்கம் சுத்தமாக இருக்கிறது. பிலிமுக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

தக்கலை ஸ்டூடியோ:
1 என்ற பக்கத்தை மட்டும் பயன்படுத்தினாலும் இரு படத்துக்கு நடுவில் பிலிம் மாற்ற வீட்டுக்குள் ஓர் இருட்டறை வேண்டும். 2க்குப் புதுத் துணி ஒட்டுவதானால் கனமான துணி வேண்டாம், பலகை இழுக்கும்போது சிக்கும். நெருக்கமாக நெய்த மெல்லிய கறுப்புப் பருத்தித் துணியைப் பழைய துணியின் அகலத்துக்கே வெட்டி, தச்சுக்கு வைக்கும் வெள்ளைப் பசையை மெலிதாகத் தடவி, பலகையை நீட்டி வைத்து ஒட்டுங்கள். ஓர் இரவு முழுவதும் காய்ந்த பிறகே மடக்க வேண்டும்.

கோட்டாறு லேத்:
சட்டம் செய்ய வேண்டுமானால் வீடு இடித்த பிறகும் நிதானமாகச் செய்யலாம், தம்பி. பழைய ஹோல்டரின் வெளி அகலத்தையும் செருகும் விளிம்பின் கனத்தையும் வெர்னியரில் அளந்து எழுதி வையுங்கள். மரம் மழைக்கு ஊதும் என்பதால் ஒருமுறை இப்போதும் ஒருமுறை பங்குனி வெயிலிலும் அளப்பது நல்லது.