பாசி படர்ந்த குளம் கார்பனை உறிஞ்சுகிறதா, வெளியிடுகிறதா?

வெள்ளாம்பல் கேட்கிறார்:

புதிதாகக் குளம் வெட்டுவதற்கான திட்ட அறிக்கை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். “பாசியும் நீர்ச்செடிகளும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துச் சேற்றில் புதைத்துவிடும், ஆகவே குளம் புவி வெப்பத்தைக் குறைக்கும்” என்று ஒரு பத்தி சேர்த்திருந்தேன். படித்துப் பார்த்த நண்பர் அதை அடித்துவிடச் சொல்கிறார். குளம் மீத்தேனை வெளிவிடுமாம். செடிகொடி செழிக்கும் இடம் எப்படிப் புவியைச் சூடாக்கும்? சேற்றில் கார்பன் புதைவது உண்மைதானே? விவரம் அறிந்தவர்கள் விளக்குங்கள்.

அடிவண்டல்:

புதைவது உண்மை. நண்பர் சொல்வதும் உண்மை. இரண்டும் ஒரே குளத்தில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஏரிகளிலும் குளங்களிலும் வாயு அளப்பதுதான் என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இறந்த பாசியும் இலைச் சருகும் அடியில் படிகின்றன. சேற்றின் மேல் ஏட்டில் மட்டுமே ஆக்சிஜன் இருக்கும். பல குளங்களில் அது சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே தீர்ந்துவிடும். அதற்குக் கீழே ஆக்சிஜன் இல்லாமல் வாழும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் மட்கும் பொருளிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. கடல் சேற்றில் சல்பேட் என்ற கந்தக உப்பு நிறைய உண்டு. அங்கே சல்பேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு உணவைத் தின்றுவிடும். நன்னீரில் சல்பேட் குறைவு. அதனால்தான் குளமும் சதுப்பும் கடலைவிட மீத்தேனுக்குத் தோதான இடங்கள்.

இந்த மீத்தேனை அளக்க நாங்கள் ஒரு வாளியைக் கவிழ்த்து, சுற்றிலும் மிதவை கட்டி, நீரில் மிதக்க விடுவோம். மேலே உள்ள ரப்பர் அடைப்பில் ஊசியைச் செருகிச் சிறிது நேர இடைவெளியில் வாயுவை உறிஞ்சி எடுப்போம். படகின் நங்கூரத்தைத் தொப்பென்று போட்டுவிடக் கூடாது. அடிச்சேறு கலங்கிக் குமிழிகள் கொத்துக் கொத்தாக எழும்பி வாளிக்குள் புகுந்துவிடும். அந்த அளவீட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான். 1776இல் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் அலெசாண்ட்ரோ வோல்டா சேற்றைக் கிளறி மீத்தேனைப் பிடித்தது இதே குமிழிகளிலிருந்துதான்.

இனி கணக்குக்கு வருகிறேன். 100 ஆண்டுக் கால அளவில், எடைக்கு எடை பார்த்தால், மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. கார்பன் அணுவுக்கு அணு பார்த்தால் அது சுமார் 10 மடங்கு. ஆக, உங்கள் குளம் காற்றிலிருந்து 100 கார்பன் அணுக்களை எடுத்து, அவற்றில் 90ஐ என்றென்றைக்குமாகப் புதைத்து, வெறும் 10ஐ மீத்தேனாக விட்டாலே லாபம் முழுவதும் போய்விடும். 90 விழுக்காடு புதைத்துவைக்கும் குளத்தைக் காண்பதே அரிது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேனின் பங்கு இன்னும் மோசம்.

“கார்பன் சேமிப்பு” என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சேற்றை மட்டும் தோண்டிப் பார்க்கிறார்கள். குமிழியை அளக்காமல் இப்படி எழுதுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அந்த எண்ணை நம்பித்தான் பிறகு பணமும் திட்டமும் நகர்கின்றன.

ஓடைக்கல்:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பகலில் மட்டும் அளந்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். வெயிலில் ஒளிச்சேர்க்கை நடக்கும்போது நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடு குறையும். இரவில் எல்லா உயிர்களும் மூச்சுவிட, அது ஏறும். பல ஆறுகளின் அளவீடுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஆய்வில், இரவு வெளியேற்றம் பகலைவிடச் சராசரியாக 27 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

சின்னக் குளம்தானே என்றும் விட்டுவிட முடியாது. 2016இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி, 0.1 ஹெக்டேருக்கும் சிறிய குட்டைகள் உலக ஏரி, குளங்களின் பரப்பில் 8.6 விழுக்காடுதான். ஆனால் நீரில் கரைந்து மேற்பரப்பு வழியே கசியும் மீத்தேனில் அவற்றின் பங்கு சுமார் 40 விழுக்காடு. ஆழம் குறைவு, கரையிலிருந்து விழும் இலை அதிகம்.

வெள்ளாம்பல்:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் குளமே வெட்டக் கூடாதா? ஆழமாக வெட்டினால் சரியாகிவிடுமா?

அடிவண்டல்:

தாராளமாக வெட்டுங்கள். தண்ணீருக்காக வெட்டுங்கள், பறவைகளுக்காக வெட்டுங்கள், அறிக்கையிலும் அதையே எழுதுங்கள். கார்பன் பத்தியை மட்டும் எடுத்துவிடுங்கள். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2019இல் திருத்திய கணக்கீட்டு வழிமுறைகளில், மனிதர் வெட்டிய குளங்கள் மீத்தேன் வெளியிடும் இடங்களாகவே சேர்க்கப்பட்டிருக்கின்றன.

ஆழம் ஓரளவுக்கு உதவும். ஆழத்திலிருந்து எழும் குமிழி வழியிலேயே கரையும். கரைந்த மீத்தேனை ஆக்சிஜனுள்ள நீரில் வாழும் பாக்டீரியாக்கள் தின்றுவிடும். ஓரிரு மீட்டர் ஆழமே உள்ள நீரில் குமிழி நேராக மேலே வந்து உடைந்துவிடும். ஆனால் ஆழம் கூடினால், வெயில் காலத்தில் மேல்நீர் சூடாகி அடிநீரோடு கலக்காமல் நின்றுவிடும், அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஆகவே ஆழத்தைவிட முக்கியம், உள்ளே என்ன வருகிறது என்பது. உர நீரும் கழிவுநீரும் வந்தால் பாசி பெருகும், மடியும், அடியில் மீத்தேனாகும். நீர் நிரப்புவதற்கு முன் செடிகொடிகளையும் மேல்மண்ணையும் அகற்றிவிடுங்கள். வரத்துக் கால்வாயின் வாயில் வண்டல் படிய ஒரு சிறு தொட்டி வைத்து, அதை ஆண்டுதோறும் தூர் வாருங்கள்.

வாளியும் மிதவையும் செய்யும் முறை வேண்டுமானால் கேளுங்கள், தனியாக எழுதுகிறேன். ஒரு பகல், ஓர் இரவு அளந்து அந்த எண்ணை அறிக்கையில் போட்டால், உங்கள் நண்பரே கையெழுத்திடுவார்.